கருவி பயில வந்தவர் கருவியாகலாமா?

கல்வியால் விளையும் பயன் யாது என்னும் வினா பழையது. எனினும் அதை நாம் பெரும்பாலும் மிக அவசரமாகக் கேட்டு, அதே அவசரத்தோடு விடையும் கண்டுவிடுகிறோம். "இதைப் படித்தால் என்ன வேலை கிடைக்கும்?" என்று கேட்பார் ஒரு சாரார். "கலைக்கு விலை பேசலாமா?" என்று மறுப்பார் மற்றொரு சாரார். இரண்டும் பாதி உண்மைகளே. நம் வீட்டுப் பிள்ளைகளை மனத்திற்கொண்டு இவ்வினாவை எழுப்பினால் நம்முடைய அச்சமும் ஆசையும் குறுக்கே வந்து நிற்கும். ஆகவே, நம் வாழ்வோடு நேரடித் தொடர்பில்லாத ஒரு கல்வியை எடுத்துக்கொண்டு அமைதியாகச் சிந்தித்துப் பார்ப்போம். அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றின் இசைப்பள்ளியில், பசூன் என்னும் காற்றுக்கருவியை நான்கு ஆண்டுகள் பயிலும் கல்வி அது.

பசூனை நம்மில் பலர் கண்டிருக்க மாட்டோம். அதன் ஒலியைக் கேட்டிருந்தாலும், கேட்டது அதுதான் என்று அறிந்திருக்க மாட்டோம். மேனாட்டுச் சிம்பொனி இசைக்குழுவின் நடுவே, எக்காளங்களுக்குச் சற்று முன்பாக அமர்ந்திருப்போரின் தோளுக்கு மேல் ஒரு மரக்கம்பம் போல நீண்டு நிற்பது அது. மேப்பிள் மரத்தில் கடைந்து செய்யப்படுவது. உயரம் ஏறத்தாழ 134 சென்டிமீட்டர். உள்ளே ஓடும் துளை கீழ்நோக்கிச் சென்று, அடியில் மடங்கி, மீண்டும் மேலேறுவதால், நேராக நீட்டிப் பார்த்தால் குழாயின் நீளம் இரண்டரை மீட்டர் அளவில் இருக்கும். இத்தாலியர் இதனை 'ஃபகோட்டோ' என்பர். விறகுக்கட்டு என்பது அச்சொல்லின் பொருள். நாகசுரத்திற்குச் சீவாளி எப்படியோ, அப்படியே இதற்கும் நாணலால் ஆன இரட்டைச் சீவாளி ஒன்று உண்டு. வளைந்த மெல்லிய உலோகக் குழாயின் முனையில் அது செருகப்படும். பத்து விரல்களுக்கும் இக்கருவியில் வேலை உண்டு. இடக்கைப் பெருவிரல் மட்டுமே எட்டு ஒன்பது சாவிகளை மாறிமாறிக் கவனிக்க வேண்டும். இன்று பரவலாக வழங்கும் செருமானிய அமைப்பைச் செப்பம் செய்த அல்மென்ரேடரும் ஹெக்கலும் 1831-இல் தொடங்கிய தொழிற்கூடம், கருவி செய்வோரிடையே இன்றும் பெரும்பெயர் பெற்றது.

இசைக்குழுவில் இக்கருவியின் முதற்பணி தாழ்சுரத்தைத் தாங்குவது. பதினாறாம் நூற்றாண்டு முதலே இதன் முன்னோடியான 'பஹோன்', ஸ்பெயின் நாட்டுப் பேராலயங்களில் பாடகற்குழுவின் கீழ்க்குரலுக்குத் துணைநின்றது. பதினெட்டாம் நூற்றாண்டின் இசைப்படிகள் பலவற்றில் பசூனுக்கெனத் தனி வரிகூட எழுதப்படுவதில்லை. தாழ்சுர வரியை வாசிப்போரோடு பசூனும் சேர்ந்து வாசிக்கும் என்பது எழுதாமலே விளங்கிய வழக்கம். 1913-இல் பாரிசில் அரங்கேறிய ஸ்ட்ராவின்ஸ்கியின் 'வசந்தத்தின் சடங்கு' இக்கருவியின் உச்சக் குரலோடு தனியே தொடங்குகிறது. அத்தகைய தருணங்கள் வரலாற்றில் இடம்பெறுகின்றன. ஆனால் ஒரு பசூன் கலைஞரின் வாழ்நாளில் அவை மிகச் சில. மற்ற மாலைகளில் எல்லாம் அவர் பிறருடைய இனிய மெட்டுக்கு அடித்தளம் இடுகிறார். அவர் வாசிப்பது கேட்போர் கவனத்திற்கு வருவதில்லை. வாசிக்காமல் விட்டால்தான் ஏதோ குறைவது தெரியும்.

இக்கருவியைப் பயில்வது எளிதன்று. ரோச்செஸ்டர் பல்கலைக்கழகத்தைச் சார்ந்து 1921-இல் தொடங்கப்பெற்ற ஈஸ்ட்மன் இசைப்பள்ளியையும், புளூமிங்டன் நகரில் ஆயிரத்து ஐந்நூறுக்கும் மேற்பட்டோர் பயிலும் இந்தியானா பல்கலைக்கழக இசைப்பள்ளியையும் போன்ற இடங்களில், மாணவர் வாரந்தோறும் ஆசிரியருக்கு எதிரே தனியே அமர்ந்து பாடம் கேட்பர். மிச்ச நாள்களில் சிறு பயிற்சி அறைகளில் மணிக்கணக்காகத் தனித்திருப்பர். இசை இலக்கணம், இசை வரலாறு, செவிப் பயிற்சி, குழு வாசிப்பு, பருவ முடிவில் ஆசிரியர் குழுவின் முன் தேர்வு, இறுதியாண்டில் தனிக் கச்சேரி என்று நாள்கள் நிறைந்துவிடும்.

இவற்றுக்கெல்லாம் மேலாக, சீவாளி செய்யவும் கற்க வேண்டும். தென் பிரான்சின் வார் பகுதி இதற்கான நாணலுக்குப் பெயர் பெற்றது. அறுத்து, உலர்த்திப் பதப்படுத்திய நாணலை உட்புறம் குடைந்து, வடிவம் வெட்டி, மடித்து, கம்பியால் இறுக்கி, நூல் சுற்றி, நுனியை நறுக்கி, பின் கத்தியால் சீவத் தொடங்குவர். ஒரு மில்லிமீட்டரின் நூற்றில் சில பங்கு மிகுதியாகச் சீவிவிட்டால் அது வீண். செய்தவற்றுள் பல தேறுவதில்லை. தேறியதும் சில வாரங்களில் தளர்ந்துவிடும். காற்றில் ஈரம் ஏறினால் ஒரு குரல், வறண்டால் வேறொரு குரல். நேற்று இனிமையாக ஒலித்த சீவாளி இன்று ஏன் மறுக்கிறது என்று அறிவதற்குள் அது தன் நாளை முடித்துவிடும். பசூன் பயில்வோர் தம் இளமையின் எத்தனையோ இரவுகளை மேசை விளக்கின் கீழ் இப்படிச் சீவியே கழிக்கின்றனர்.

இத்தனை உழைப்புக்குப் பின் கிடைப்பது என்ன? முழுநேரச் சிம்பொனி இசைக்குழு ஒன்றில் பசூனுக்கு உரிய நாற்காலிகள் மூன்று அல்லது நான்கு. அவற்றில் அமர்ந்தவர் பெரும்பாலும் ஓய்வுபெறும் வரை எழுவதில்லை. ஓரிடம் காலியானால் அந்த ஓரிடத்திற்கு நூறு பேர் வருவதும் உண்டு. திரைக்குப் பின்னே, முகம் காட்டாமல், பேசாமல், சில நிமிடங்கள் வாசிக்க வேண்டும். காலடி ஓசையால் ஆணா பெண்ணா என்று தெரிந்துவிடக் கூடாதென்று தரையில் கம்பளமும் விரிப்பர். மோட்சார்ட்டின் 'ஃபிகரோ' முகப்பிசை, பேத்தோவனின் நான்காம் சிம்பொனியின் இறுதிப் பகுதி போன்றவற்றிலிருந்து சில வரிகள், அவ்வளவுதான். ஒருவர் தேர்வாவார், அல்லது எவருமே தேர்வாகார். மற்றவர் அனைவரும் கருவிப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்த வழியே திரும்புவர்.

இதுவரை சொன்னது போட்டியின் கடுமை மட்டுமே. போட்டி கடுமையானது என்பதால் மட்டும் ஒன்று அநீதியாகிவிடாது. ஆனால் இதில் கூர்ந்து நோக்க வேண்டிய ஒன்று உள்ளது. இசைப்பள்ளி ஒவ்வொன்றுக்கும் தன் மாணவர் இசைக்குழுவை நடத்தியாக வேண்டிய கட்டாயம் உண்டு. வயலின் பயில்வோரும் குழல் பயில்வோரும் திரளாக வருவர்; பசூன் பயில்வோர் சிலரே வருவர். பசூன் இன்றேல் சிம்பொனி இல்லை. ஆகவே பள்ளிகள் பசூன் மாணவரைத் தேடுகின்றன. உதவித்தொகை தந்தும் அழைக்கின்றன. பதினேழு வயதுப் பெண்ணொருத்தி தனக்குக் கிடைத்த அழைப்பைத் தன் திறமைக்குக் கிடைத்த சான்றாகவே படிக்கிறாள். அது சான்றாகவும் இருக்கலாம். அதே வேளையில், அடுத்த ஆண்டு இசைக்குழுவில் காலியாகவிருக்கும் ஒரு நாற்காலியை நிரப்பும் ஏற்பாடாகவும் அது இருக்கலாம். அவளுக்கு அந்தப் பள்ளி தேவைப்படுவதைவிட அந்தப் பள்ளிக்கு அவள் மிகுதியாகத் தேவைப்படலாம். நான்கு ஆண்டுகளுக்குப் பின் அவளுக்கு இடம் இருக்குமா என்பது அந்தத் தேவையின் கணக்கில் வருவதே இல்லை.

மனிதரை ஒருபோதும் வெறும் கருவியாக மட்டும் நடத்தலாகாது, அவர்களைத் தம்மளவிலேயே நோக்கமாக மதிக்க வேண்டும் என்று செருமானிய மெய்யியலார் இம்மானுவேல் கான்ட் 1785-இல் வெளியிட்ட நூலில் வலியுறுத்தினார். நம் மொழியில் 'கருவி' என்னும் சொல்லுக்கு இசைக்கும் பொருள் என்றும், வேலை முடிக்க உதவும் பொருள் என்றும் இரு பொருள்கள் உள. கருவி பயில வந்தவளே பள்ளியின் கருவியாகிவிடுகிறாளா? நம் வினா இதுவே.

இதற்கு விரைவான விடைகள் இரண்டு உண்டு. யாரும் அவளைக் கட்டாயப்படுத்தவில்லை, விரும்பி வந்தாள், விளைவை ஏற்க வேண்டியவளும் அவளே என்பது முதல் விடை. இது சட்டத்தின் முன் நிற்கலாம். மனச்சான்றின் முன் நிற்குமா என்பது ஐயமே. விருப்பம் என்பது அறிவைப் பின்பற்றி எழுவது. வாய்ப்பின் உண்மையான அளவைச் சொல்லாமல் பெற்ற விருப்பம் முழு விருப்பமாகாது. மேலும், இளையோரிடம் நாம் திறமையைப் பற்றிப் பேசும் முறையிலும் ஓர் ஆபத்து உண்டு. நற்செய்தியின் தாலந்து உவமையைக் காட்டி, "கடவுள் கொடுத்ததைப் புதைத்துவிடாதே" என்கிறோம். நல்ல அறிவுரைதான். ஆனால் அதைச் சொல்லும் நமக்கு அந்தத் தாலந்தால் நேரும் ஆதாயம் என்ன என்பதையும் சேர்த்துச் சொல்கிறோமா? உவமையில் வரும் தலைவர் பணத்தைத் தம் பணியாளர் கையிலேயே ஒப்படைத்துச் சென்றார். பிறருடைய தாலந்தைக் காட்டித் தம் கணக்கைப் பெருக்கிக்கொள்வோரைப் பற்றி அவ்வுவமை பேசவில்லை.

இரண்டாவது விடை இதற்கு நேர்மாறானது. நாற்காலி எத்தனையோ அத்தனை மாணவரை மட்டும் சேர்ப்போம், மற்றவருக்குக் கதவை அடைப்போம் என்பது அது. இதில் நேர்மை இருக்கிறது. ஆனால் இது கல்வியை நாற்காலியாகச் சுருக்கிவிடுகிறது. அந்த நான்கு ஆண்டுகளில் அவள் உண்மையில் என்ன கற்கிறாள் என்று பார்க்க மறுக்கிறது.

அவள் கற்பவற்றுள் ஒன்றை மட்டும் இங்கே காண்போம். சுரங்கள் பல ஒருங்கே ஒலிக்கும் கூட்டொலியில் தன் சுரத்தைச் சேர்க்கும் கலை அது. சுரம் அளக்கும் பொறி ஒன்று உண்டு. அதன் முள் நடுவில் நின்றால் சுரம் சரி என்று பொருள். தொடக்க மாணவர் அந்த முள்ளை நம்புவர். ஆனால் குழுவில் அமர்ந்ததும் அது போதாது என்று தெரிந்துவிடுகிறது. ஒரே சுரம் ஒரு கூட்டொலியில் அடிச்சுரமாக நிற்கும். இன்னொன்றில் மூன்றாம் சுரமாக நிற்கும். பெருங்கூட்டொலியின் மூன்றாம் சுரமாக நிற்கையில், பொறி காட்டும் இடத்திலிருந்து அதைச் சற்றே தாழ்த்தினால்தான் முழுக் கூட்டொலியும் தெளிந்து இனிக்கும். விரலமைப்பு மாறுவதில்லை, உதடும் மூச்சும் அந்த மயிரிழை வேறுபாட்டைச் செய்கின்றன. 'நான் சரியாகவே வாசித்தேன்; பொறியைப் பாருங்கள்' என்று அங்கே வாதாட முடியாது. பிறரைக் கேளாமல் ஒருவர் தனியே சரியாக இருத்தல் அங்கே இயலாது. இவ்வுண்மையை நூல்களில் படித்து அறிந்தோர் பலர். அதை நான்கு ஆண்டுகள் நாள்தோறும் உதட்டாலும் செவியாலும் பயின்றவர் சிலர். அப்படிப் பயின்றவர் பிறகு எந்தப் பணிக்குச் சென்றாலும் அந்தச் செவியோடுதான் செல்வார்.

இங்கே வெனிசு நகரத்து வரலாறு ஒன்று நினைவுக்கு வருகிறது. 1703-இல் குருப்பட்டம் பெற்ற அந்தோனியோ விவால்டி, அதே ஆண்டில் அந்நகரின் 'பியெத்தா' இல்லத்தில் வயலின் ஆசிரியராகச் சேர்ந்தார். கைவிடப்பட்ட குழந்தைகளை வளர்த்த இல்லம் அது. அங்கே பெண்பிள்ளைகளுக்கு இசை கற்பிக்கப்பட்டது. ஆலயத்தின் மேல்மாடத்தில், கம்பித்தடுப்புக்குப் பின்னே முகம் தெரியாமல் அவர்கள் இசைத்தனர். ஐரோப்பாவெங்கும் இருந்து வந்தோர் கேட்டு வியந்தனர். குடும்பப்பெயர் இல்லாத அவர்களுக்கு வாசித்த கருவியே பெயரின் பகுதியாயிற்று. வயலினில் சிறந்த அன்னா மரியா, 'வயலின் அன்னா மரியா' என்றே அழைக்கப்பட்டார். விவால்டி பசூனுக்கு எழுதிய கன்செர்ட்டோக்கள் 39 நமக்குக் கிடைத்துள்ளன. வயலின் நீங்கலாக வேறெந்தத் தனிக்கருவிக்கும் அவர் இத்தனை எழுதியதில்லை.

அந்தப் பெண்களின் இசையால் இல்லத்திற்கு நன்கொடை வந்தது என்பதும் வரலாறே. அப்படியாயின் அவர்கள் கருவியாக்கப்பட்டார்களா? ஆம், ஓரளவு. ஆனால் வெறும் கருவியாக மட்டும் அல்லர். இல்லம் அவர்களுக்கு உணவும் உறைவிடமும் தந்தது. அவர்களுள் பலர் வாழ்நாள் முழுவதும் அங்கேயே தங்கி இளையோருக்குக் கற்பித்தனர். நிறுவனம் தன் தேவைக்காக ஒருவரை அழைப்பதே குற்றமன்று. எல்லா அழைப்பிலும் ஏதோ ஒரு தேவை இருக்கத்தான் செய்யும். அழைத்தவரின் தேவை முடிந்த அன்றே, வந்தவர் மேல் உள்ள பொறுப்பும் முடிந்தது என்று கைகழுவுவதே குற்றம்.

இன்னொருவரையும் நினைத்துப் பார்க்கலாம். ஆங்கில நாட்டின் வூஸ்டர் நகரில், கத்தோலிக்க ஆலயமொன்றின் ஆர்கன் இசைஞருக்கு மகனாக வளர்ந்தவர் எட்வர்ட் எல்கர். லைப்சிக் சென்று இசை பயில விரும்பினார். குடும்பத்தில் பணம் இல்லை. இளமையில் நண்பரோடு சேர்ந்து வாசிக்கும் ஐவர் குழுவுக்காகப் பசூனைக் கையிலெடுத்தார். அவர் அதனால் பிழைக்கவில்லை; பசூன் கலைஞர் என்று அவரை உலகம் நினைவுகூர்வதும் இல்லை. 1900-இல் புனித நியூமனின் கவிதைக்கு இசையமைத்து 'ஜெரோன்ஷியசின் கனவை' உலகுக்குத் தந்தவர் என்றே நினைவுகூர்கிறது. ஆயினும் 1910-இல், புகழின் உச்சியில் நின்றபோது, பசூனுக்கென்று ஒரு சிறு 'ரொமான்சை' அவர் எழுதினார். பயின்றது பிழைப்பாகாவிட்டாலும் வாழ்வைவிட்டு நீங்குவதில்லை என்பதற்கு இது ஒரு சான்று.

எனினும் இவ்விடத்தில் நாம் விழிப்பாயிருக்க வேண்டும். தாழ்சுரத்தின் பெருமையைப் பேசுவது மிக எளிது. அதிலும் தாழ்சுரம் வாசிக்காதவர்க்கு அது இன்னும் எளிது. மறைவான பணியே மேலான பணி, அடித்தளம் கண்ணுக்குத் தெரியாது, வேருக்கு யார் மாலை சூட்டுகிறார்கள் என்றெல்லாம் நாம் அழகாகப் பேசிவிடலாம். ஆனால் பட்டம் பெற்று, கல்விக்கடனோடும், ஒரு காரின் விலையையும் விஞ்சும் கருவியோடும், வேலையின்றி நிற்கும் ஒரு பெண்ணிடம் சென்று தாழ்மையைப் பற்றிப் பேசினால், அது ஆறுதலாகாது. நம் பொறுப்பிலிருந்து நழுவுதலே ஆகும். தாழ்மை ஒருவர் தாமே ஏற்கும்போதுதான் புண்ணியம். பிறர் அதை அவர்மேல் சுமத்தினால் அது அநீதியின் மேல் விரித்த பட்டுத்துணி. நம் நடுவிலும் 'இது வேலையன்று, சேவை' என்று சொல்லிக் கூலியைக் குறைக்கும் வழக்கம் முற்றிலும் இல்லையென்று நம்மால் நெஞ்சறியச் சொல்ல முடியுமா?

ஆகவே, இரண்டு உண்மைகளையும் சேர்த்தே பிடிக்க வேண்டியவர்களாயிருக்கிறோம். வேலை தராத கல்வி அதனாலேயே வீணாவதில்லை என்பது ஓர் உண்மை. அந்த உண்மையைச் சொல்லும் உரிமை, வேலை இல்லை என்பதையும் முன்னரே சொல்லியவர்க்கு மட்டுமே உண்டு என்பது மற்றோர் உண்மை. சேர்க்கை நாளன்றே ஆசிரியர் இப்படிச் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறார்: "இங்கே பயின்றோருள் இத்தனை பேர் இசைக்குழுக்களில் இருக்கிறார்கள்; இத்தனை பேர் பள்ளிகளில் கற்பிக்கிறார்கள்; இத்தனை பேர் வேறு தொழிலுக்குச் சென்றுவிட்டார்கள். எங்கள் இசைக்குழுவுக்கு நீ தேவை. அதனால்தான் இந்த உதவித்தொகை. இவ்வளவும் அறிந்தபின் நீ வருவதானால், உனக்குத் தெரிந்ததை வளர்ப்பேன்; வேறு வழி தேட வேண்டி வந்தால் அதற்கும் துணைநிற்பேன்." இவ்வாறு சொல்லப்பட்டபின் வருகின்றவள் கருவியாக வரவில்லை, தன் உரிமையோடு வருகிறாள். உண்மையைக் கேட்டபின் சிலர் வராமல் போகலாம். அதனால் பள்ளியின் இசைக்குழுவில் ஒரு நாற்காலி காலியாகலாம். அந்த இழப்பை ஏற்கத் துணியாத பள்ளி, அறத்தைப் பற்றித் தன் மாணவருக்கு எதையும் கற்பிக்க இயலாது.

பயில்வோர்க்கும் ஒரு கடமை உண்டு. அன்பையும் எதிர்பார்ப்பையும் அவர்கள் பிரித்தறிய வேண்டும். 'இதை நேசிக்கிறேன்' என்பது வேறு. 'நேசிப்பதால் உலகம் எனக்கு இடம் தந்தாக வேண்டும்' என்பது வேறு. முதலாவது எவராலும் பறிக்க முடியாதது. இரண்டாவது எவராலும் உறுதிசெய்ய முடியாதது. சீவாளி செய்யும் மேசை இதை நாள்தோறும் கற்பிக்கிறது. எத்தனை கவனத்தோடு சீவினாலும் நாணல் தன் இயல்பின்படியே ஒலிக்கும். உழைப்பவர் கையில் இருப்பது உழைப்பு மட்டுமே. அதற்காக எவரும் பொறுப்பின்றிச் சீவுவதில்லை.

பெற்றோராகவும் கேட்போராகவும் இருக்கும் நமக்கும் இதில் பங்குண்டு. ஒரு பிள்ளை பயன் குறைந்ததாய்த் தோன்றும் கல்வியை நாடும்போது, நாம் முதலில் தடுக்கவும் வேண்டாம், முதலில் தட்டிக்கொடுக்கவும் வேண்டாம். முதலில் உண்மையைத் தேடித் தருவோம். பிறகு அந்தப் பிள்ளை சொல்வதைக் கேட்போம்.

அந்தப் பெண்ணின் இறுதியாண்டுத் தனிக் கச்சேரியை எண்ணிப் பார்ப்போம். சிறிய அரங்கு; சில பத்துப் பேர். மோட்சார்ட் தம் பதினெட்டாம் வயதில், 1774-இல், இக்கருவிக்கென எழுதிய கன்செர்ட்டோவின் மெதுவான நடுப்பகுதியை அவள் வாசிக்கிறாள். அன்று ஒரு மாலை மட்டும் தாழ்சுரம் முன்னே வந்து பாடுகிறது. முடிந்ததும் கருவியைப் பகுதி பகுதியாகக் கழற்றி, உள்ளே தங்கிய ஈரத்தைத் துணியால் துடைத்து, சீவாளியைச் சிறு பெட்டியில் வைத்து மூடுகிறாள். நாளை அவள் எங்கே செல்வாள் என்பது அவளுக்கே தெரியாது. வழியைப் பற்றிய உண்மையை அவளிடம் முன்னரே சொல்லியிருந்தால், அவளுடைய ஆசிரியர் அன்று அவள் முகத்தை நேராகப் பார்த்து வாழ்த்தலாம். சொல்லாமல் மறைத்திருந்தால், அந்தக் கைதட்டலின் நடுவே அவர் தம் மனச்சான்றுக்கு என்ன விடை கூறுவார்?